பல் துலக்குதல்: ஸுன்னத்தும் சுகமும்

நாளொன்றுக்கு ஐந்து வக்துத் தொழுகை. ஒவ்வொரு ஒளூவிலும் மூன்று முறை வாய் கொப்பளிக்கிறோம். ஒவ்வொரு வக்துக்கும் புதிதாக ஒளூச் செய்பவர் அன்றாடம் 15 தடவை தம் வாயைக் கழுவுகிறார் என்று கணக்காகிறது. அப்படியிருந்தும் நம் வீடுகளில் ஐம்பது வயதைக் கடந்தவர்களைப் பாருங்கள். இரு பக்கமும் நன்றாக மென்று சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? ஒரு கடைவாய்ப் பல் விழுந்தவர், ஒரு பக்கம் மட்டுமே மெல்லுகிறவர், ஈறில் இரத்தம் வருகிறதென்று துலக்குவதையே விட்டுவிட்டவர், ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துத்தான் தின்ன முடியும் என்கிற பாட்டி என்று, வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

பதினைந்து தடவை தண்ணீர் பட்ட வாய்க்கு ஏன் இந்த நிலை? கொப்பளிப்பது வேறு, துலக்குவது வேறு என்பதுதான் விடை. மார்க்கம் நமக்கு இரண்டையும் கற்றுத் தந்தது. நாம் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மெல்ல மெல்லக் கைநழுவ விட்டுவிட்டோம்.

அண்ணலார் காட்டிய வழி

தம் உம்மத்தினருக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லையெனில், ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்யும்படி கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. கடமையாகாமல் நின்றது நம்மீது கொண்ட இரக்கத்தால்தான். அந்த இரக்கத்தையே சாக்காக வைத்துக்கொண்டு நாம் அதைக் கைவிடலாமா?

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் செய்தது மிஸ்வாக்தான் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதை முஸ்லிமில் காண்கிறோம். இரவில் எழுந்தால் மிஸ்வாக்கால் வாயைத் தேய்ப்பார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பல்லோடு நிற்காமல் நாவின்மீதும் மிஸ்வாக்கை ஓட்டியதை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள். கடைசி நோயில், பேசவும் இயலாத நேரத்தில், அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையிலிருந்த மிஸ்வாக்கை அண்ணலார் நோக்க, குறிப்பறிந்த அன்னை அதை வாங்கி மென்மையாக்கிக் கொடுத்தார்கள். அதனால் பல் துலக்கிய சிறிது நேரத்தில்தான் அந்தப் புனித உயிர் பிரிந்தது. உலகை விட்டுப் பிரியும் வேளையிலும் விடாத ஒரு பழக்கத்தை நாம் சிறிய காரியமென்று எண்ணிவிடக் கூடாது.

வாய்க்குள் நடப்பது என்ன?

பல்லின் மேல் எந்நேரமும் ஒரு மெல்லிய படலம் படிந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நாவால் தடவினால் வழவழப்பாகத் தெரியும். அது முழுவதும் நுண்கிருமிகள். நாம் உண்ணும் இனிப்பையும் மாவையும் அந்தக் கிருமிகளும் உண்டு, அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் வெண்மையான மேல்பூச்சில் உள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. நம் உமிழ்நீர் அதைக் கழுவி, இழந்த சத்தை மீண்டும் சேர்க்கிறது. ஆனால் அதற்கு ஏறக்குறைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அவகாசம் வேண்டும்.

காலையில் ஒரு தேநீர், பத்து மணிக்கு ஒரு தேநீரும் வர்க்கியும், பகல் உணவுக்குப் பிறகு மிட்டாய், மாலையில் மீண்டும் தேநீர் என்று போனால் உமிழ்நீருக்கு ஓய்வேது? எவ்வளவு சர்க்கரை சாப்பிட்டோம் என்பதை விட எத்தனை முறை சாப்பிட்டோம் என்பதே பல்லுக்கு முக்கியம். இனிப்பை உணவோடு சேர்த்து ஒரே தடவையில் உண்டு, வாய் கொப்பளித்துவிடுபவருக்குச் சேதம் குறைவு.

அந்தப் படலத்தை அன்றாடம் தேய்த்து எடுக்காவிட்டால் உமிழ்நீரில் உள்ள உப்புகள் சேர்ந்து அது கல்லாக இறுகிவிடும். அதையே காரை என்கிறோம். காரை வந்த பின் எந்தக் குச்சியாலும் பிரஷ்ஷாலும் போகாது. மருத்துவர் கருவி கொண்டுதான் எடுக்க வேண்டும். ஆகவே கல்லாகும் முன்னரே படலத்தைத் துடைத்துவிடுவதுதான் பல் துலக்குதலின் முழு இரகசியம். தண்ணீரால் மட்டும் அது போகாது. உரசித் தேய்க்க வேண்டும். மிஸ்வாக் செய்வது அந்த வேலையைத்தான்.

சவீக்கும் ஜவ்வரிசியும்

கைபருக்கு அருகில் ஸஹ்பா என்ற இடத்தில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் சவீக் உண்டார்கள். அது வறுத்த தானியத்தின் மாவு. உண்டபின் மக்ரிப் தொழுகைக்கு எழுந்தபோது வாயைக் கொப்பளித்தார்கள். புதிதாக ஒளூச் செய்யவில்லை என்று ஸுவைத் பின் நுஃமான் (ரலி) அவர்கள் அறிவிப்பதைப் புகாரீயில் காணலாம். பால் அருந்தியபோதும் அதில் கொழுப்பு இருக்கிறதென்று சொல்லி வாய் கொப்பளித்தார்கள்.

நம் ஆத்தூர்ப் பகுதிக்கு இந்த ஹதீஸில் ஒரு தனிப் பாடம் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியில் குச்சிக்கிழங்கு விளையாத ஊர் அரிது. அதை அரைத்து மாவாக்கி ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் ஆத்தூரைச் சுற்றி நிறைய உள்ளன. 1981-இல் சேலத்தில் இதற்கெனக் கூட்டுறவுச் சங்கமே தொடங்கப்பட்டது. நம் வீட்டுப் பாயசத்திலும், வடாமிலும், குழந்தைகள் கொறிக்கும் கிழங்குச் சிப்ஸிலும் இந்த மாவுதான். வயிற்றுக்கு இது நல்ல உணவே. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பசைபோல் ஒட்டும் மாவு கடைவாய்ப் பல்லின் குழிகளில் தங்கிவிடும். இனிப்பும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சவீக் உண்டு அண்ணலார் கொப்பளித்தது போல நாமும் ஜவ்வரிசிப் பாயசம் குடித்தவுடன், சிப்ஸ் தின்றவுடன், இரண்டு மிடறு தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்தால் ஸுன்னத்தும் ஆயிற்று, பல்லும் பிழைத்தது.

ஈறில் வரும் இரத்தம்

பல்லை மரமென்று கொண்டால் ஈறு அதன் மண். நம்மில் பலர் பல்லைப் பார்ப்பார்கள், ஈறைப் பார்ப்பதில்லை. நல்ல ஈறு இறுக்கமாக இருக்கும். துலக்கினால் இரத்தம் வராது. படலமும் காரையும் ஈறோரத்தில் தங்கினால் ஈறு சிவந்து வீங்கும். தொட்டால் இரத்தம் கசியும். அப்போது நாம் செய்யும் தவறு, இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடுவது. அழுக்கினால் வந்த நோய்க்கு இன்னும் அழுக்கைச் சேர்ப்பது போலாகும் அது. மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தைத்தான் பக்குவமாக, தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும். ஆரம்ப நிலையானால் ஓரிரு வாரங்களில் இரத்தம் குறையும். குறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். கவனியாமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்து, சொத்தை இல்லாத பல்லும் ஆடி விழும்.

இது தொழுகையோடும் தொடர்புடைய விஷயம். ஹனஃபீ மத்ஹபில், உமிழ்நீரை விட இரத்தம் மிகுந்தோ அதற்குச் சமமாகவோ வெளிவந்தால் ஒளூ முறிந்துவிடும். உமிழ்நீர் மிகுந்து இலேசாக மஞ்சள் நிறம் மட்டும் தெரிந்தால் முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் இரத்தம் வருவதால் ஒளூ முறிவதில்லை. எனினும் இரத்தம் நஜீஸ் ஆகையால் வாயைக் கழுவிவிட்டே தொழ வேண்டும். ஒவ்வொரு வக்திலும் ஒளூ இருக்கிறதா இல்லையா என்று தவிப்பவர்கள், அந்தத் தவிப்பின் வேரை ஈறில் தேடட்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுப்படுவதும் கடினமாகும். கர்ப்பிணிப் பெண்களுக்கும் ஈறு வீக்கம் எளிதில் வரும். பிள்ளை பெற்றால் பல் போவது இயற்கை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி ஆறுதல் படுத்துவது சரியல்ல. அந்த மாதங்களில்தான் இரு வேளையும் துலக்குவது மிக அவசியம். மசக்கையில் வாந்தி எடுத்தவுடன் துலக்காமல், முதலில் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் துலக்க வேண்டும்.

மிஸ்வாக்கா, பிரஷ்ஷா?

இரண்டையும் எதிரிகளாக்கிப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மிஸ்வாக் என்பது பெரும்பாலும் அராக் மரத்தின் வேர். பழந்தமிழில் உகாய் எனப்பட்ட மரம் அதுவே. அதன் நார் படலத்தைத் தேய்த்து எடுக்கிறது. அதன் சாற்றில் கிருமிகளை அடக்கும் பொருள்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் 1980-களில் இத்தகைய குச்சிகளைப் பயன்படுத்துவதை ஊக்குவித்தது. அது கிடைக்காத இடத்தில் வேம்பு, ஆல், வேல் ஆகியவற்றின் குச்சிகளும் பயன்படும். வாயைச் சுத்தம் செய்யும் சொரசொரப்பான எதைக் கொண்டும் நோக்கம் நிறைவேறும் என்பது ஆலிம்கள் பலரின் கருத்து. அராக் குச்சிக்குரிய சிறப்பு தனியாக இருக்கிறது.

மிஸ்வாக்குக்குப் பெரிய வசதி, அது சட்டைப் பையில் இருக்கும். பள்ளிவாசல் ஹவுளிலும், கடையிலும், பஸ் நிலையத்திலும் பயன்படுத்தலாம். பிரஷ்ஷுக்கு உள்ள வசதி, அது கடைவாய்ப் பல்லின் உட்புறம் வரை போகும். பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடு பல்லின் மேல்பூச்சுக்கு வலுவூட்டும். ஆகவே ஒளூவின்போது மிஸ்வாக், காலையிலும் படுக்குமுன்னும் பிரஷ் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே நாம் கூறும் வழி.

மிஸ்வாக் செய்வோர் கவனிக்க வேண்டியவை: சுண்டுவிரல் பருமனில் குச்சி போதும். நுனியை நீரில் ஊறவைத்து, தோலைச் சீவி, மென்று நாராக்க வேண்டும். வலப்புறமிருந்து தொடங்கி, உட்புறத்தையும் விடாமல், ஈறைக் கீறாதபடி மென்மையாகத் தேய்க்க வேண்டும். பயன்படுத்திய பின் கழுவ வேண்டும். அண்ணலாரின் மிஸ்வாக்கை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கழுவிக் கொடுத்ததாக அபூதாவூதில் வருகிறது. நார் நைந்துவிட்டால் வெட்டிவிட்டுப் புது நுனி எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரே நுனியைச் சட்டைப் பையில் தூசியோடு வைத்திருப்பது ஸுன்னத்தைப் பேணுவதாகாது.

அன்றாட ஒழுங்கு

1. காலையிலும் இரவு படுக்குமுன்னும் இரண்டு இரண்டு நிமிடம் துலக்குக. இரண்டில் இரவே முக்கியம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். அப்போது வாயில் தங்கிய உணவு விடியும் வரை பல்லை அரிக்கும்.

2. மென்மையான பிரஷ் வாங்குக. பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சற்றுச் சாய்த்து வைத்து, சிறுசிறு அசைவாகத் தேய்க்கவும். மரம் அறுப்பது போல் அழுத்தி இழுத்தால் பல்லின் கழுத்து தேய்ந்து கூச்சம் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றுக.

3. செங்கல் பொடி, கரி, சாம்பல், உப்புக் கல் வேண்டாம். அவை கறையோடு பல்லின் பூச்சையும் சேர்த்துத் தேய்க்கும். தேய்ந்த பூச்சு மீண்டும் வளராது.

4. துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்க. உடனே நிறையத் தண்ணீரால் கொப்பளித்தால் பேஸ்ட்டில் உள்ள மருந்தும் போய்விடும்.

5. நாவையும் மெல்ல வழித்துவிடுக. வாய் நாற்றத்தின் பெரும்பகுதி நாவின் பின்புறத்தில்தான் இருக்கிறது. பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றவர் பள்ளிக்கு வர வேண்டாமென்று தடுக்கப்பட்ட சமுதாயம் நாம். ஸஃப்பில் பக்கத்தில் நிற்பவரின் உரிமையை மறக்கலாகாது.

6. பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சி நாரை ஊக்காலும் பின்னாலும் குத்தாதீர்கள். அதற்கென உள்ள நூலோ மென்மையான குச்சியோ போதும்.

குழந்தைகளின் பல்

பால்பல் விழப் போவதுதானே என்று விட்டுவிடும் தாய்மார்கள் உண்டு. 20 பால்பற்களும் பின்னால் வரும் பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவை. சொத்தையாகி முன்னதாகப் பிடுங்கப்பட்டால் புதுப் பல் கோணலாக முளைக்கும். சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே குழந்தையைத் தூங்க விடாதீர்கள். முதல் பல் முளைத்ததிலிருந்தே துலக்கிவிட வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி மணியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் பேஸ்ட் போதும். ஆறு வயதில், பால்பல் எதுவும் விழாமலே, கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது ஆயுள் முழுதும் இருக்க வேண்டிய பல். அதையும் பால்பல் என்றெண்ணி இழந்தவர்கள் ஏராளம். ஏழு வயதில் தொழுகைக்கு ஏவும்படி நமக்குக் கட்டளை. அந்த வயதில் கையில் மிஸ்வாக்கையும் கொடுத்துப் பழக்கினால் இரண்டு நன்மையும் ஒன்றாகச் சேரும். எனினும் அந்த வயது வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று துலக்கிவிடுவது நல்லது.

நம் நிலத்தடி நீர்

சில பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடோ இருப்பதைப் பார்க்கிறோம். துலக்குவதில்லை என்று அவர்களைத் திட்டுகிறோம். அது பாவம்! சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பாறை நிலத்தின் ஆழ்கிணற்று நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அளவோடு இருந்தால் பல்லைக் காக்கும் அதே பொருள், மிஞ்சினால், ஈறுக்குள் பல் உருவாகும் இளம் வயதிலேயே அதைக் கெடுக்கிறது. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் கண்டறியப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களை இதிலிருந்து மீட்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

இந்தக் கறையை எந்தப் பொடியாலும் தேய்த்து எடுக்க முடியாது. நீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். வீட்டு ஆழ்கிணற்று நீரை ஒருமுறை பரிசோதித்துக்கொள்வதும், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குடிநீரையோ மழை நீரையோ கொடுப்பதும்தான் வழி.

வெற்றிலை, பாக்கு, புகையிலை

விருந்துக்குப் பின் தாம்பூலம் நம் வீடுகளிலும் வழக்கம்தான். ஆனால் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் அறிவித்துவிட்டது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. பாக்கை அடக்கி வைப்பவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் இறுகி, நாளடைவில் வாயே திறக்க முடியாமல் போகும். குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013-இல் தடை செய்யப்பட்டும், மறைவில் வாங்கும் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். தனக்கும் தீங்கு கூடாது, பிறர்க்கும் தீங்கு கூடாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. வாயில் மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளைப் படை, சிவப்புத் திட்டு எது இருந்தாலும் வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் வலிக்காது என்பதே அதன் வஞ்சம்.

நோன்பில் எழும் ஐயங்கள்

நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியை விடச் சிறந்தது என்ற நபிமொழியைக் கேட்டு, ரமளான் முழுதும் துலக்காமல் இருப்போர் உண்டு. அது பசியால் எழும் வாடையின் சிறப்பேயன்றி அழுக்குக்கு அளித்த சான்றிதழ் அல்ல. ஹனஃபீ மத்ஹபில் நோன்பின் எந்நேரத்திலும் மிஸ்வாக் செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில் நண்பகல் சாய்ந்த பின் மிஸ்வாக் செய்வது மக்ரூஹ். பேஸ்ட்டின் சுவை தொண்டையில் இறங்கும் அச்சம் இருப்பதால், அதை ஸஹர் முடிவிலும் இரவு படுக்குமுன்னும் வைத்துக்கொள்ளலாம். பேரீச்சம்பழமும் சர்பத்தும் வடையும் கஞ்சியும் உண்டு, தராவீஹுக்குப் பின் மீண்டும் உண்டு, ஸஹரில் இனிப்புண்டு, துலக்காமல் படுப்பதே அந்த மாதத்தில் பல்லுக்கு நாம் இழைக்கும் கொடுமை.

நோன்போடு பல் பிடுங்கலாமா? இரத்தத்தையோ மருந்தையோ விழுங்காதிருந்தால் நோன்பு முறியாது. மரத்துப்போக ஈறில் போடும் ஊசியாலும் முறியாது என்றே இக்கால ஆலிம்களில் பெரும்பாலோர் கூறுகின்றனர். பேணுதலுக்கு இரவில் செய்துகொள்வது மேல். பல்லை அடைத்தால், உறை போட்டால் கடமையான குளிப்பு நிறைவேறுமா? நிலையாக ஒட்டியவை பல்லின் பகுதியாகவே கருதப்படும், குளிப்பு நிறைவேறும். கழற்றி மாட்டும் பல்செட்டைக் குளிப்பின்போது கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். இரவிலும் கழற்றிக் கழுவி நீரில் போட்டு வைப்பது ஈறுக்கு நல்லது.

மருத்துவரிடம் போகத் தயக்கமா?

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும், காரை எடுத்தால் பல் ஆடும் என்ற பேச்சுகளுக்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை பிடித்துக்கொண்டிருந்ததால் ஆட்டம் தெரியவில்லை, அவ்வளவே. காரையைச் சுரண்டும் கருவிகளைப் படம் வரைந்து விளக்கியவர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரஃபீயுத்தீன் அஹ்மத். அவர் பிறந்த டிசம்பர் 24-ஆம் நாளையே நாட்டில் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இந்தக் கலையை வளர்த்தவர்களின் வாரிசுகள் நாற்காலியைக் கண்டு அஞ்சலாமா? ஆண்டுக்கு ஒரு முறையேனும் வலி வருமுன்னரே காட்டிக்கொள்ளுங்கள். வலி வந்த பின் போனால் அடைத்துக் காப்பாற்ற வேண்டிய பல்லைப் பிடுங்க நேரும்.

சகோதர சகோதரிகளே! திருமறை ஓதுவதும், திக்ரு செய்வதும், ஸலவாத்துச் சொல்வதும் இந்த வாயால்தான். பல் விழுந்தால் ஓதும் எழுத்துகளின் உச்சரிப்பே குலைகிறது. மிஸ்வாக் வாயைத் தூய்மையாக்கும், இறைவனின் திருப்பொருத்தத்தையும் பெற்றுத் தரும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக நமக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. இன்றிரவு இஷா தொழுது, உணவருந்தி, பாயை விரிக்குமுன் வீட்டில் அனைவரும் வரிசையாக நின்று துலக்கிவிட்டுப் படுப்போம். நாளைச் சுப்ஹிலிருந்து ஒளூவுக்குக் குந்தும்போது மிஸ்வாக்கைக் கையில் எடுப்போம். அகத்தூய்மையோடு புறத்தூய்மையும் உடைய மக்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.